மறைவாக ஒரு பொட்டு

புரட்டாசி முடிகிற சமயத்தில் வண்டிப்பெரியாருக்கு மேலே பெய்கிற மழைக்கு ஒரு குணம் உண்டு. காலையில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வெயிலைக் காட்டிக்கொண்டு நிற்கும். கொளுந்து எடுக்கிற பெண்கள் அதை நம்பி மலையேறுவார்கள். கூடை பாதி நிறைந்திருக்கும்போது எதிர்மலை முதலில் காணாமல் போகும். பிறகு மாதா கோயில், பிறகு தேயிலை பதப்படுத்துகிற ஸ்டோரின் புகைக்குழாய். கடைசியில் பக்கத்து நிரையில் நிற்கிறவளின் குரல் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. மூக்கம்மாள் தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்கு வந்து, இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் படங்கை அவிழ்த்து வாசலில் உதறிக்கொண்டிருந்தாள். மண்பாதையில் ஒரு ஜீப் முக்கிக்கொண்டு ஏறி வந்தது. முன் சீட்டிலிருந்து இறங்கியது அவளுடைய மகள் ஆனந்தி. கையில் எதையோ வெள்ளைத் துணியில் சுற்றி, அதன் மேல் ரெயின்கோட்டைப் போர்த்தி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அவள் முழுக்க நனைந்திருந்தாள். துணி நனையவில்லை.

பக்கத்து வீட்டு சாந்தம்மாள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஏ மூக்கு, ஒம் மக என்னத்தயோ பெத்துத் தூக்கிட்டு வாராடி!"

"ஒன் வாயில மழத்தண்ணிய ஊத்த. உள்ள போடி" என்றாள் மூக்கம்மாள். ஆனாலும் அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. பிள்ளையைத் தூக்கி வருகிற கைதான் அது.

ஆனந்தி கொச்சியில் ஒரு பல்கலைக்கழகத்தின் கடலாய்வுக் கூடத்தில் வேலை பார்த்தாள். பாலிடெக்னிக் முடித்துப் போனவள். நிரந்தர வேலை இல்லை, ஆனால் ஒவ்வொரு வருடமும் நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். தண்ணீருக்கு அடியில் தானாகப் போய் வருகிற எந்திரங்களையும், கடலின் சூட்டையும் உப்பையும் அளக்கிற கருவிகளையும் அங்கே செய்கிறார்கள். இப்போது ஆள் நீளத்தில் மஞ்சளாக ஒரு எந்திர மீன் செய்திருந்தார்கள். அதற்கு மத்தி என்று பெயர். கடலில் விடுவதற்கு முன்னால் ஆழமான, அலையில்லாத தண்ணீரில் பார்க்க வேண்டும் என்று, எஸ்டேட்டுக்குக் கீழே அணைத் தண்ணீர் ஏறி நிற்கிற குடாவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கரையில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். அந்தக் கொட்டகைதான் ஒழுகிவிட்டது.

கூட வந்த ஜிபின் சங்கனாச்சேரிப் பையன். ஆனந்தியோடு வேலை பார்க்கிறவன். "அம்மச்சி, நனையாத ஒரு இடம் வேணும். உள்ளே ஒரு வயர் விட்டுப்போயி" என்றான்.

"நனையாத எடமா? எங்க தலைமாட்டுல ஒரு முழம் இருக்கு. அதுவும் காத்து இங்கிட்டு அடிக்காட்டித்தான்" என்று உள்ளிருந்து ஆனந்தியின் அப்பா செல்லத்துரை சொன்னார்.

ஆனந்தி கட்டிலைத் துடைத்தாள். தன் பையிலிருந்து வேறொரு வெள்ளைத் துணி எடுத்து விரித்தாள். "அம்மா, அடுப்ப ஊதாத. புகை வரக் கூடாது. அப்பா, பீடி கூடாது. யாரும் துணி உதறக் கூடாது."

"மூச்சு விடலாமாட்டி?" என்றார் செல்லத்துரை.

"அங்கிட்டுத் திரும்பி விடுங்க."

ஜிபின் சிரித்துவிட்டான். துணியைப் பிரித்தபோது உள்ளே இருந்தது தொடை கனத்தில் ஒரு அலுமினியக் குழாய். அவர்கள் அதைப் பாட்டில் என்றார்கள். ஒரு பக்கம் மூடி. மூடியைத் திருகிக் கழற்றியதும், உள்ளே பச்சைத் தகடுகளும் நூல் போன்ற வயர்களும் தெரிந்தன.

"மத்தியோட நெஞ்சு இதுதாம்மா. ஒடம்பு கரையில கெடக்கு."

"மத்தினு பேரு வச்சவுக யாரு? ஒரு வஞ்சிரம், ஒரு ஆவோலினு வைக்கக் கூடாதா?"

"எங்க லேபு மேடம்தான். கடல்ல எல்லா எடத்துக்கும் போறது மத்திதானாம். யாரு வீட்டுக்கும் போறதும் மத்திதானாம்."

மூக்கம்மாளுக்கு அந்த மேடத்தைப் பார்க்காமலே பிடித்துப்போயிற்று.

அடுத்த மாதம் கொச்சியிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் கப்பல் புறப்படுகிறது. மத்தியை நடுக்கடலில் விடப் போகிறார்கள். கப்பலில் ஏறப்போகிறவர்களில் ஆனந்தியும் ஒருத்தி. இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து மூக்கம்மாளுக்குக் கொளுந்து கிள்ளும்போதெல்லாம் கடல்தான். அவள் கடல் பார்த்ததில்லை. காலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிறைந்து, மலை உச்சிகள் மட்டும் திட்டுத் திட்டாக மேலே நிற்குமே, அதுதான் அவளுக்குக் கடல். அதன் மேல் ஒரு கப்பல் சத்தமில்லாமல் போகும். கப்பலின் ஓரத்தில் தலைமுடி பறக்க ஆனந்தி நிற்பாள். கையசைப்பாள். அப்போது சூப்பர்வைசர் கத்துவான், "மூக்கம்மா, கை ஓடட்டும்!" என்று.

செல்லத்துரை ராத்திரி ஷிப்டுக்கு ஸ்டோருக்குக் கிளம்பிப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் ஜிபின், மேடத்துக்குப் போன் செய்ய ரேஞ்சு கிடைக்கிற வளைவுக்குக் குடை பிடித்துக்கொண்டு போனான். ஆனந்தி வயரைப் பற்றவைத்து முடித்து, மூடியிலிருந்த கறுப்பு ரப்பர் வளையத்தை எடுத்துத் துடைத்து, மெழுகு போல ஒன்றைத் தடவித் திரும்பப் பதித்தாள். குழாயின் வாயையும் சுற்றித் துடைத்தாள். அந்த வாய் புதுச் செம்பு மாதிரி மினுமினுத்தது. மூடப்போகிற நேரத்தில் கரண்டு போயிற்று.

"சாந்தம்மா அத்த வீட்டுல எமர்ஜென்சி லைட்டு இருக்காம்மா?"

"இருக்கும். போன மாசம் வாங்குனா."

"வாங்கிட்டு வாரேன். தொட்டுறாதம்மா."

"நான் ஏன் தொடுதேன்?"

ஆனந்தி போனாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூக்கம்மாளும் அந்தக் குழாயும் மட்டும் இருந்தார்கள்.

சாமி மாடத்தில் முந்தின நாள் ஆயுத பூசைச் சந்தனமும் குங்குமமும் வாழையிலைத் துண்டில் இருந்தன. ஸ்டோரில் பூசை என்றால் சாதாரணமல்ல. இலையை உருட்டுகிற ரோலர்கள், உலர்த்துகிற அடுப்பு, தராசு, கொளுந்து லாரி, ஆபீஸ் கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைப்பார்கள். கோட்டயத்து மேனேஜர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். ஒரு வருடம் புது ரோலர் வந்தது. ஏற்றுமதி அவசரம் என்று பொட்டு வைக்காமலே ஓட்டினார்கள். அந்த ரோலரில்தான் செல்லத்துரையின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. இரும்புத் தடுப்பைச் சரியாக மாட்டாமல் எந்திரத்தை ஓட்டினார்கள் என்று யூனியன்காரர்கள் சொன்னார்கள். மூக்கம்மாள் அதையும் நம்பினாள். பொட்டு வைக்காததையும் நம்பினாள்.

இந்த எந்திரத்தோடுதான் தன் பிள்ளை கடலுக்குப் போகப் போகிறாள். இதற்கு யாராவது பொட்டு வைத்திருப்பார்களா? அந்தக் கொச்சியில் யார் வைப்பார்கள்?

பொட்டு வைப்பது தொடுவதில் சேராது என்றுதான் அவளுக்குப் பட்டது. ஆனால் வெளியே தெரிகிற மாதிரி வைக்கக் கூடாது. ஆனந்தி முதன்முதலில் ஹாஸ்டலுக்குப் போனபோது பையின் பிடியில் அவள் தாயத்துக் கட்டிவிட்டதைப் பார்த்து, கூட இருந்த பெண்கள் கேலி செய்திருக்கிறார்கள். ஆனந்தி அதை அவிழ்க்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் ஒரு வருடம் கைக்குட்டை சுற்றி மறைத்துக்கொண்டு திரிந்தாளாம். அதனால் மூக்கம்மாள் மறைவான இடம் தேடினாள். குழாயின் வாய்க்குள், மூடி உட்காரும் இடத்தில், விளிம்புக்குச் சற்று உள்ளே. மூடிவிட்டால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. காய்ந்திருந்த சந்தனத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மோதிர விரலால் தொட்டு வைத்தாள். அதன் நடுவில் கடுகளவு குங்குமம். வாசலில் காலடி கேட்டதும் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

ஆனந்தி விளக்கோடு வந்தாள். ஜிபினும் வந்துவிட்டான். "மேடம் வேகம் வரச் சொன்னாங்க" என்றான். ஆனந்தி மூடியைப் பொருத்தித் திருகினாள். சின்ன பம்பு ஒன்றால் உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார்கள். பம்பின் அளவுக் கண்ணாடியில் ஒரு முள் ஓரிடத்தில் போய் நின்றது. அது அசையாமல் நிற்கிறதா என்று இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள் அசையவே இல்லை.

"நின்னுச்சு" என்று ஆனந்தி சிரித்தாள்.

மூக்கம்மாளும் சிரித்தாள். பொட்டு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பிறகு மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்து சோறும் மத்திக் குழம்பும் சாப்பிட்டார்கள். ஜிபின் முள்ளை உறிஞ்சிக்கொண்டே, "அம்மச்சி, இந்த மத்திதான் நல்லது. சார்ஜ் செய்ய வேண்டாம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. லயத்திலிருந்து பாதிப் பேர் குடாவுக்கு இறங்கிவிட்டார்கள். சாந்தம்மாள் பொரிகடலை முடிந்துகொண்டு வந்திருந்தாள், தேர் பார்க்க வந்தவள் போல.

ஜோமோள் மேடம் குள்ளமாக, நரைத்த தலையைக் கிராப் வெட்டிக்கொண்டு, கால்சட்டையும் ரப்பர் பூட்சுமாக நின்றாள். அட்டை கடித்தால் வைக்கக் கையில் ஒரு உப்பு முடிச்சு. மூக்கம்மாளைப் பார்த்ததும், "ஆனந்தியோட அம்மையல்லே? நேத்திக்கு வீடு தந்ததுக்கு நன்றி" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். மூக்கம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கியவர்கள் அதற்கு முன்னால் யாரும் இல்லை. கறை படிந்த விரல்களை அவள் பிறகு முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மத்தி கிலோ என்ன வெலைனு கேளுடி" என்று சாந்தம்மாள் முதுகுக்குப் பின்னால் கிள்ளினாள்.

மஞ்சள் மீனை நாலு பேர் பிடித்துத் தண்ணீரில் விட்டார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னச் சிறகு. வாலில் ஒரு கயிறு. சத்தமே இல்லை. மூக்கு தாழ்ந்தது, மஞ்சள் பச்சையாயிற்று, பச்சை கறுப்பாயிற்று, பிறகு தண்ணீர் மட்டும் இருந்தது. பெண்கள் 'ஆ' என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அது வேறொரு இடத்தில் மேலே வந்து எட்டிப் பார்த்தபோது கைதட்டினார்கள். ஆனந்தி ஒரு தடவை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்த முகத்தை மூக்கம்மாள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் முறை ஆழமாக விட்டார்கள். அது வரவில்லை.

முதலில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பொரிகடலை தீர்ந்தது. பிறகு, கரையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஜிபின் எழுந்து நின்றான். மேடம் ஏதோ கேட்டாள். ஆனந்தி கயிற்றைப் பிடித்தாள். "கயிறு பிடிச்சு வலிக்கணும், எல்லாரும் வாங்க!" என்று ஜிபின் கத்தினான். லயத்து ஆண்கள் ஓடினார்கள். சாந்தம்மாளும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கயிற்றில் கை வைத்தாள். கயிறு கல்லைக் கட்டி இழுப்பது போல வந்தது.

கரையில் போட்டு, மேல்தகட்டைக் கழற்றி, பாட்டிலை எடுத்தார்கள். ஆனந்தி மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டியது. பச்சைத் தகடுகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

மூக்கம்மாள் சற்று மேட்டில் நின்றிருந்தாள். ஆனந்தி குழாயின் வாயைப் பார்ப்பது தெரிந்தது. தலையைக் குனிந்து, ஒரே இடத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வெள்ளைத் துணியைக் கட்டைவிரலில் சுற்றி அந்த இடத்தை அழுத்தித் துடைத்தாள். துணியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. துணியைச் சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டே நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

மேடம் அருகில் வந்து என்னவோ கேட்டாள். ஆனந்தி இல்லையென்று தலையை ஆட்டினாள். மறுபடியும் கேட்டாள். ஆனந்தி மறுபடியும் தலையை ஆட்டி, தன் தலைமுடியைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னாள். மேட்டிலிருந்த மூக்கம்மாளுக்கு அது கேட்கவில்லை. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு?" என்றாள் சாந்தம்மாள்.

"மயக்கமா வருது. காலைல சாப்புடல."

சாயங்காலம் ஆனந்தி வீட்டில் விட்டுப்போன சாமான்களை எடுக்க வந்தாள். அணைத் தண்ணீரின் வாசம் அவள் உடம்பிலிருந்து வந்தது. மூக்கம்மாள் கருப்பட்டிக் காபி போட்டு வைத்தாள். ஆனந்தி குடித்தாள். செல்லத்துரை வாசலில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்காமல் வைத்திருந்தார்.

"நான்தாண்டி" என்றாள் மூக்கம்மாள்.

"தெரியும்மா."

"வெளிய தெரியாம இருக்கட்டும்னுதான் உள்ளாற வச்சேன். வெளிய வச்சா ஒன்னயக் கேலி பேசுவாகன்னு."

ஆனந்தி டம்ளரைக் கீழே வைத்தாள். "வெளிய வச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதும்மா. மத்தியோட நெத்தி முழுக்கப் பூசியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. அந்த ரப்பர் வளையம் படியுற எடத்துல மட்டும் ஒரு பொடிகூட இருக்கக் கூடாது. சந்தனம் ஈரமா இருந்தப்போ அடைச்சுக்கிச்சு. ஆழத்துல போனதும் கரைஞ்சு வழிவிட்டுருச்சு."

"எங்கையை வெட்டிப் போடணும்."

"ஒன் கைய இல்ல. நான் திரும்பி வந்ததும் மறுபடி தொடச்சிருக்கணும். அதான் மொற. லேபுல இருந்தா தொடச்சிருப்பேன், யாரு நின்னாலும் தொடச்சிருப்பேன். நம்ம வீடுதானேனு விட்டுட்டேன்."

"வேலைய விட்டு எடுத்துருவாகளா?"

"நான் பாத்துக்கிறேன். நீ யார்ட்டயும் ஒண்ணும் சொல்லிறாத. சாந்தம்மா அத்தகிட்டகூட. சொல்ல மாட்டல்ல?"

"சொல்ல மாட்டேன்."

அவள் போனபிறகுதான் மூக்கம்மாள் அழுதாள். மறுநாள் போன் செய்தால் ஆனந்தி எடுக்கவில்லை. சாயங்காலம் எடுத்தாள், "வேலையா இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். கப்பலைப் பற்றிக் கேட்டதும் போனை வைத்துவிட்டாள்.

"தூக்கிட்டாகடா சாமி" என்று மூக்கம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

செல்லத்துரை சொன்னார்: "நீ போய் நேரா சொல்லிரு."

"சொல்லாதன்னுட்டுப் போயிருக்கா."

"அவ சின்னப் புள்ள. எஸ்டேட்டுல நடக்காததா? மாரி மாட்ட விட்டுக் கன்னுச்செடிய மேச்சப்போ அவம் பொண்டாட்டி போய்ப் பெரட்டுக்களத்துல நின்னு, நாந்தான் அவுத்து விட்டேன்னு சொல்லல? அரைப்பேர்க் கூலி வெட்டுனாக. அதோட முடிஞ்சுது. ஆபீசர்மாருக்கு ஒரு ஆளு வேணும் திட்டுறதுக்கு. ஆளு வெளிய உள்ளதா இருந்தா இன்னும் நல்லது. தெரியாத பொம்பள, பொட்டு வச்சுட்டான்னு ஒன்னய நாலு திட்டு திட்டுவாக. புள்ள தப்பிச்சிரும்."

அது நியாயமாகத்தான் பட்டது. ஒருவருக்காக இன்னொருவர் போய் நிற்பது லயத்தில் புதிதில்லை. காலையில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் நின்று, தவறு யாருடையது என்று உரக்கச் சொல்லிவிட்டால் அன்றைய வெயிலோடு அது காய்ந்துபோகும்.

செவ்வாய்க்கிழமை காலையில் மூக்கம்மாள் வேலைக்குப் போகவில்லை. நல்ல சேலையாக ஒன்றை உடுத்திக்கொண்டு வண்டிப்பெரியாருக்கு ஜீப் ஏறினாள். பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள லாட்ஜில் அவர்கள் தங்கியிருந்தார்கள். கீழே பேக்கரியில் பப்ஸ் வேகிற வாசம். மாடியில் ஒரு அறை முழுக்கப் பெட்டிகள். ஜிபின் தரையில் உட்கார்ந்து தகடுகளைத் துடைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தான். மேடம் மேசைமேல் அந்த மூடியை வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, வாங்க. இரிக்கணும். ஆனந்தி டேப் வாங்கப் போயிருக்கா, இப்ப வரும். ஜிபின், அம்மைக்கு ஒரு சாயா சொல்லு."

மூக்கம்மாள் உட்காரவில்லை. ஜீப்பில் வரும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். ஆயுத பூசை, ஸ்டோர், சந்தனம், விரல், மறைவான இடம். "நாந்தான் மேடம். எம் புள்ள மேல ஒரு தப்பும் கெடையாது. என்னயத் திட்டுங்க."

மேடம் கண்ணாடியைக் கீழே வைத்தாள். "எங்கே வச்சீங்க? காட்டுங்க."

குழாயைத் தூக்கிக் கொடுத்தாள். மூக்கம்மாள் விரலை விளிம்பில் வைத்துக் காட்டினாள். மேடம் டார்ச் அடித்து அந்த இடத்தைப் பார்த்தாள். ஒரு நகக்கீறலுக்குள் இன்னும் இளஞ்சிவப்பு இருந்தது.

"ஓ" என்றாள். பிறகு ஜிபினைப் பார்த்து வேகமாக மலையாளத்தில் பேசினாள். அவனும் எழுந்து வந்து பார்த்தான். இருவர் முகத்திலும் ஏதோ பாரம் இறங்கியது போல ஆயிற்று. "அதான் அன்னைக்குக் காத்து உறிஞ்சினப்போ முள்ளு நின்னது! ரெண்டு நாளா எனக்கு உறக்கமில்ல, அம்மா. ஒரு முடி இருந்தா அன்னைக்கே காத்து நிக்காது. பின்னே எப்படி? வளையம் தப்பா, அளவு தப்பா? கப்பலையே தள்ளிவைக்கணுமோன்னு இருந்தேன். இப்போ மனசிலாயி. சந்தனம்!" அவள் சிரிக்கக்கூடச் செய்தாள். "மத்தி மேல ஒரு தப்பும் இல்ல."

மூக்கம்மாளுக்கு உயிர் வந்தது. அவளும் சிரித்தாள். சாயா வந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். செல்லத்துரை சொன்னது எவ்வளவு சரி என்று நினைத்தாள்.

"ஆனந்தி அப்போ எங்கே இருந்தா?" என்று மேடம் கேட்டாள்.

"வௌக்கு வாங்க பக்கத்து வீட்டுக்குப் போனா. கரண்டு போச்சுல்ல? ஒரு நிமிசந்தான். தொடாதன்னு சொல்லிட்டுத்தான் போனா, மேடம். நாந்தான்."

ஜிபின் சட்டென்று தலையைக் குனிந்து தகட்டைத் துடைக்க ஆரம்பித்தான். மேடத்தின் முகத்திலிருந்த சிரிப்பு போகவில்லை. அது அங்கேயே நின்று மெல்ல வெறுமையாயிற்று. ஏதோ ஆகிவிட்டது என்று மூக்கம்மாளுக்குத் தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை.

"கரையில வச்சு நான் கேட்டேன், அம்மா. மூடும்போ நீ எந்திரிச்சுப் போனியா, வேற ஆராவது தொட்டாங்களான்னு. ரெண்டு தடவை கேட்டேன். இல்லேன்னு சொன்னா. என்னோட முடி விழுந்துட்டுதுன்னு சொன்னா. அந்த முடியைத்தான் இவ்வளவு நேரமும் நாங்க தேடினோம். அவளும் கூட இருந்து தேடினா."

அறையில் பழைய மின்விசிறி கடகடவென்றது.

"எனக்காகச் சொல்லியிருப்பா மேடம்."

"எனக்கு அறியும்."

"வேலைய விட்டு எடுத்துட்டீகளோன்னு பயந்துதான் வந்தேன். கப்பலுக்கு இல்லைன்னுட்டீகளோன்னு..."

"எடுக்கல. அவ முடின்னு சொன்னப்பவும் நான் அவ பேரை வெட்டல. கை எல்லார்க்கும் தப்பும். என் கையால அடைச்ச ஒண்ணு கடல்ல போய்த் திரும்பி வரவேயில்ல." மேடம் மூடியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். "கப்பல்ல நாங்க தூங்கறப்போ ஒருத்தர் முழிச்சிருக்கும். எல்லாம் சரின்னு அந்த ஆள் சொன்னா, எந்திரிச்சுப் பார்க்காம எல்லாரும் தூங்கணும். அந்தச் சொல்லு ஒண்ணுதான் அங்கே இருக்கு. வேற ஒண்ணும் இல்ல, அம்மா."

மூக்கம்மாள் டம்ளரைத் தரையில் வைத்தாள். அவள் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"மேடம், நான் பொய் சொல்லுதேன். பொட்டெல்லாம் வைக்கல. எம் புள்ள எங்கயும் போகல, அங்கனயேதான் இருந்தா. அவளக் காப்பாத்தணும்னு நானா கெட்டிச் சொன்னேன். படிக்காத கழுத நான், எம் பேச்ச எடுத்துக்காதீக. முடிதான் மேடம். அவளுக்கு முடி கொட்டும். சின்னதுல இருந்தே கொட்டும். ஜிபின் தம்பி, நீ சொல்லுப்பா..."

ஜிபின் நிமிரவில்லை. மேடம் வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். குலுக்கவில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டாள். மூக்கம்மாள் பேசுவதை நிறுத்தினாள்.

ஆனந்தி வாசலில் நின்றிருந்தாள். கையில் டேப் சுருள்களும் ஒரு பப்ஸ் பொட்டலமும். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள், மேசையிலிருந்த குழாயைப் பார்த்தாள், பிறகு டேப் சுருள்களை ஒவ்வொன்றாகப் பெட்டி மேல் அடுக்கினாள்.

"ஆனந்தி" என்றாள் மேடம். "இந்தத் தடவை ஜிபின் போகட்டும். நீ லேப்ல இரு."

"சரி மேடம்."

"எனக்கும் இது இஷ்டமில்ல."

"தெரியும் மேடம்." அவள் குரல் கலங்கவில்லை. பொட்டலத்தை ஜிபினிடம் கொடுத்துவிட்டு, "வாம்மா, பஸ் ஏத்தி விடுறேன்" என்றாள்.

இருவரும் படியிறங்கினார்கள். பாலத்தின் மேல் கொளுந்து லாரிகள் வரிசையாகப் போயின. பெரியாறு மேல்மழையில் செங்கலங்கலாக ஓடியது. பஸ் நிறுத்தத்தில் ஆனந்தி எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தாள். மூக்கம்மாள் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"ஒங்கப்பன்தான் சொன்னாரு. சொன்னா முடிஞ்சு போயிரும்னு."

"எஸ்டேட்டுல முடிஞ்சிரும்மா."

"என்னய ஒரு வார்த்த திட்டிரு தாயி."

"சோடாவக் குடி. கேஸ் போயிரும்."

குடித்தாள். சக்குபள்ளம் வழியாகப் போகிற பஸ் வந்து நின்றது. அது எஸ்டேட் பக்கம் போகாது. அதன் பின்னாலேயே அவர்கள் பஸ் வந்தது. ஆனந்தி அம்மாவை ஏற்றி, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து உட்காரவைத்துவிட்டு, இறங்கி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாசில இன்னொரு கப்பல் போகுதும்மா" என்றாள். "இதவிடப் பெரிசு. அதுல நான் கண்டிப்பாப் போறேன். மேடமே சொல்லிட்டாங்க."

மேடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. மூக்கம்மாள் அந்த அறையை விட்டு ஒரு கணம்கூட வெளியே போகவில்லை. படியிறங்கும்வரை மகளின் பக்கத்திலேயேதான் இருந்தாள்.

கண்டக்டர் மணி அடித்தான்.

"அப்படியா தாயி" என்றாள் மூக்கம்மாள். "மாசின்னா ராத்திரி குளிருமே. ஸ்வெட்டரு எடுத்துக்கோ."